பூஜ்யமும் காலிக் கட்டமும்

2018 நவம்பரில் வெளியான ‘2.0’ படத்தைப் பார்த்தவர்களுக்குப் பக்ஷிராஜனை நினைவிருக்கும். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சில் சிட்டுக்குருவிகள் செத்து விழுவதைப் பொறுக்க முடியாமல், இறந்த பின்னும் ஆவியாக வந்து ஊரிலுள்ள செல்போன்களையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும் முதிய பறவையியலாளர். அந்தக் கதை இயக்குநர் ஷங்கர் கண்டுபிடித்தது இல்லை. பல வருடங்களாகவே டீக்கடையிலும் பள்ளிக் கட்டுரைப் போட்டியிலும் மார்ச் 20 சிட்டுக்குருவி தின விழாவிலும் அது உலவிக்கொண்டிருந்தது. “சின்ன வயசுல எங்க வீட்டு முற்றத்துல எத்தனை குருவி வரும் தெரியுமா? எல்லாம் இந்த டவர் வந்ததும் போச்சு.”

படம் வந்து ஒன்றேகால் வருடத்தில், 2020 பிப்ரவரியில், குஜராத்தின் காந்திநகரில் நடந்த வலசை உயிரினங்கள் குறித்த சர்வதேச மாநாட்டில் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை வெளியானது. 867 பறவை இனங்களைப் பற்றிய அந்த அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னது பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை, தில்லி, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கூடு கட்ட மாடம் இல்லாத வீடுகளும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லாத தெருக்களும் காரணமாக இருக்கக் கூடும்.

மூன்று வருடம் கழித்து 2023-ல் வந்த அடுத்த பதிப்பு இன்னொரு பறவையைச் சுட்டிக்காட்டியது. பனங்காடை. மின்கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருந்துவிட்டு, பறக்கும்போது நீலச் சிறகை விரித்துக் காட்டும் பறவை. அது சரிந்துகொண்டே வருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதன் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்த 14 இனங்களில் அதுவும் ஒன்று. பனங்காடைக்காக இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை. முற்றத்துக்கு வராத பறவை என்பதால் அது குறைந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை.

நாம் கண்ணீர் விட்ட பறவை பெரும்பாலும் நலமாக இருக்கிறது, கண்டுகொள்ளாத பறவை தேய்கிறது என்று சொன்னவர்கள் யார்? முதல் அறிக்கைக்கு 15,500-க்கும் மேற்பட்டவர்கள் பதிவுசெய்த ஒரு கோடிக்கும் அதிகமான தகவல்கள் அடிப்படை. இரண்டாவதற்கு ஏறக்குறைய 30,000 பேரின் 3 கோடித் தகவல்கள். இவர்களில் பறவையியல் படித்தவர்கள் சொற்பம். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, பல் மருத்துவர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள். ஒருவருக்கும் இதற்காகச் சம்பளம் கிடையாது. அறிக்கையைத் தொகுத்தவை பத்துக்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள். கண்கள் மட்டும் பொதுமக்களுடையவை.

பயிற்சி இல்லாத ஆயிரக்கணக்கானோர் தங்கள் விருப்பம்போல் எழுதிவைத்ததிலிருந்து நம்பகமான அறிவியல் எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. மக்கள் அறிவியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஆர்வம், அர்ப்பணிப்பு என்று பேசி இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆர்வம் இருந்தால் போதும் என்றால் சிட்டுக்குருவிக் கதையே அறிவியலாகியிருக்க வேண்டும். அதில் இல்லாத ஆர்வமா? விடை, இந்தப் பறவைப் பதிவுகள் சேரும் ‘இ-பேர்டு’ தளத்தில், பட்டியலை அனுப்பும் முன் கேட்கப்படும் ஒரு கேள்வியில் இருக்கிறது: நீங்கள் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய தளம் அது. 2021-ல் அதன் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. அந்த ஒற்றைக் கேள்வி இல்லாவிட்டால் அந்த 100 கோடியின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும் என்பது என் கணிப்பு.

ஏன் என்று பார்க்கலாம். ஒருவர் காலையில் கண்மாய்க் கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு “செம்பருந்து, 2” என்று மட்டும் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். செம்பருந்து அங்கே இருந்தது என்பது தெரிகிறது. காகம் இருந்ததா? மைனா? மடையான்? இருந்தும் எழுதத் தோன்றவில்லையா, இல்லவே இல்லையா? தெரியாது. அந்தக் கட்டங்கள் எல்லாம் காலி. அவரே “பார்த்ததையெல்லாம் எழுதிவிட்டேன்” என்று சொல்லி, காகம், மைனா, மடையான், செம்பருந்து, கரிச்சான் என்று ஐந்து பெயர் தந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இப்போது பட்டியலில் சிட்டுக்குருவி இல்லாதது ஒரு தகவல். அந்த அரை மணியில், அந்தக் கரையில், அந்தக் கண்களுக்குச் சிட்டுக்குருவி தென்படவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் பூஜ்யம் விழுகிறது.

பூஜ்யம் கிடைத்தால்தான் விகிதம் கணக்கிட முடியும். ஒரு மாவட்டத்தில் ஒரு வருடத்தில் 1,000 முழுப் பட்டியல்கள் வந்து, அவற்றில் 620-ல் சிட்டுக்குருவி இருந்தால் விகிதம் 62 சதவீதம். பத்து வருடம் கழித்து ஆர்வலர்கள் பெருகி 5,000 பட்டியல் வருகிறது, 3,100-ல் குருவி இருக்கிறது. வெறும் தலை எண்ணிக்கையைப் பார்த்தால் குருவி ஐந்து மடங்கு பெருகியதாகத் தோன்றும், பெருகியது பார்வையாளர்கள்தான். விகிதம் அதே 62. இது புரிவதற்காக நான் போட்ட கணக்கு. உண்மையான ஆய்வில் இன்னும் சில படிகள் உண்டு. ஐந்து நிமிடம் நின்றவரின் பட்டியலும் ஐந்து மணி நேரம் நடந்தவரின் பட்டியலும் சமமாகாது. ஆகவே ஒவ்வொரு பட்டியலுக்கும் எவ்வளவு உழைப்பு செலவானது என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள். இந்திய அறிக்கையில், ஒரு பட்டியலில் எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பதையே அந்த உழைப்புக்கு அளவாக எடுத்துக்கொண்டார்கள். பழைய பதிவுகளில் நேரமும் தூரமும் பெரும்பாலும் இருக்காது. இனங்களின் எண்ணிக்கை எப்படியும் இருக்கும்.

பழைய பதிவுகள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இ-பேர்டு இந்தியாவில் பரவலானது 2013-க்குப் பிறகுதான். ஆனால் அறிக்கை 2000-க்கு முந்தைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுகிறது. இடையில் என்ன நடந்தது என்றால், பறவை பார்க்கும் பழக்கமுள்ள பலர் பரணிலிருந்து தங்கள் பழைய குறிப்பேடுகளை இறக்கி, தேதி வாரியாக, இடம் வாரியாகத் தளத்தில் ஏற்றினார்கள். அன்றைக்கு ஒரு பயனும் எதிர்பார்க்காமல் எழுதியவை. “வழக்கமான பறவைகள்தான்” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்ட குறிப்பேடுகள் உதவவில்லை. காகத்தையும் மைனாவையும் சலிக்காமல் எழுதியவர்களின் குறிப்பேடுகள் உதவின.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வேட்டைப் பழக்கம் இருந்தது. இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்கள். கண்ணில் பட்ட பறவையையும் விலங்கையும் சுடுவார்கள். மாலையில் எந்த அணியின் குவியல் பெரியதோ அது வென்றது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், தான் நடத்திவந்த ‘பேர்டு-லோர்’ இதழில் ஒரு மாற்று யோசனை சொன்னார். சுடாதீர்கள், எண்ணுங்கள். 1900 டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். ஏறக்குறைய 90 இனங்கள், 18,500 பறவைகள். அதோடு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார்கள், வானம் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் எழுதினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்று வரை ஆண்டுதோறும் நடக்கிறது. இதைவிட நீண்ட காலம் நடந்துவரும் மக்கள் கணக்கெடுப்புகள் உலகில் மிகச் சில.

1966-ல் சாண்ட்லர் ராபின்ஸ் வட அமெரிக்காவில் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது விதிகளை இன்னும் இறுக்கினார். சுமார் 40 கிலோமீட்டர் சாலை, அதில் 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் சரியாக மூன்று நிமிடம். சூரியன் உதிக்க அரை மணி முன்பே தொடங்க வேண்டும். நாலாவது நிமிடத்தில் எத்தனை அழகான பறவை வந்து உட்கார்ந்தாலும் அது கணக்கில் கிடையாது. 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 1970-லிருந்து வட அமெரிக்கா ஏறக்குறைய 300 கோடிப் பறவைகளை, அதாவது நூற்றுக்கு 29-ஐ, இழந்துவிட்டது என்று சொல்லி உலகை உலுக்கியது. அதற்கு அடித்தளம் பெரும்பாலும் இந்த மூன்று நிமிடங்கள்தான். இரவில் வலசை போகும் பறவைக் கூட்டங்களைக் காட்டும் வானிலை ராடார் பதிவுகளும் சரிவையே காட்டின.

தவறாக அடையாளம் கண்டால்? வல்லூறையும் அக்காக்குயிலையும் குழப்பிக்கொள்ளாத ஆரம்பகாலப் பறவை ஆர்வலர் கிடையாது. பறக்கும்போது இரண்டும் அத்தனை ஒற்றுமை. கதிர்க்குருவிகள் விஷயத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். இ-பேர்டில் இதற்கு இரண்டு வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்த இனம் எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் தளம் அந்தப் பதிவைச் சந்தேகத்துக்குரியது என்று குறித்துவைக்கும். உள்ளூர்ப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் படமோ விவரமோ கேட்பார். திருப்தி இல்லாவிட்டால் பதிவு உங்கள் பட்டியலில் இருக்கும், ஆய்வுக்குப் போகாது. இதில் சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு.

வடிகட்டியைத் தாண்டி வரும் தவறுகள் நாம் பயப்படும் அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மளிகைக் கடைத் தராசு எப்போதும் ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டினாலும், போன வாரத்தைவிட இந்த வாரம் வெங்காயம் கூடுதலா குறைவா என்பதைச் சரியாகவே சொல்லிவிடும். தவறு மாறாமல் இருக்கும் வரை போக்கு தெளிவாகத் தெரியும். சிக்கல், தவறின் அளவு மாறும்போது வருகிறது. முதல் வருடம் எண்ணுகிறவர் தவறவிடும் பறவைகளை மூன்றாம் வருடம் பிடித்துவிடுவார். பறவை பெருகியதுபோல் தோன்றும். அதனால் வட அமெரிக்கக் கணக்கெடுப்பை ஆராய்கிறவர்கள் ஒவ்வொரு பார்வையாளரின் முதல் வருடத்தைத் தனியாகக் கையாளுகிறார்கள்.

என்னைக் கேட்டால், தவறான அடையாளத்தைவிடப் பெரிய தொல்லை மனிதர்களின் கால்கள். அவை பிடித்த இடத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ வால்பாறைக்கோ கிளம்புவார். வேலிக்கருவை மண்டிய தரிசுக்கோ, சோளக் கொல்லைக்கோ, சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கோ யார் போவார்கள்? ஒரு வரைபடத்தில் பட்டியல்களைப் புள்ளிகளாக வைத்தால் சரணாலயங்களும் பெருநகரங்களும் கறுத்துக் கிடக்கும். இடையில் பரந்த காலி. அந்தக் காலியைப் பறவை இல்லாத ஊர் என்று படித்தால் பெரும் பிழை.

இதை நேரடியாக எதிர்கொண்டவர்கள் கேரளத்தார். 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை வரைபடத் திட்டத்தில் மாநிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சுமார் 1.1 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு சதுரத்தைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. தன்னார்வலர் அங்கேதான் போக வேண்டும். 15 நிமிடப் பட்டியல் நான்கு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை. குலுக்கலில் ரப்பர்த் தோட்டம் விழுந்தால் ரப்பர்த் தோட்டம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த விதிக்குக் கட்டுப்பட்டு மூன்று லட்சம் பதிவுகள் சேர்த்தார்கள். அரிய பறவை எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே ரப்பர்த் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றவர்கள்தான் அந்த வரைபடத்துக்கு எடை கொடுத்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

பறவையாவது கண்ணுக்குத் தெரியும். பூச்சிக்கு என்ன செய்வது? இந்த விஷயத்தில் உலகத்துக்கு வழிகாட்டியது ஜெர்மனியின் க்ரெஃபெல்டு நகரத்துப் பூச்சியியல் சங்கம். 1905-ல் தொடங்கியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு பூச்சிமேல் காதல் கொண்டவர்கள். பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றுதான் அவர்கள் இருப்பிடம். 1989-லிருந்து இயற்கைக் காப்பிடங்களில் ‘மலேஸ்’ பொறிகளை நிறுத்தினார்கள். ஸ்வீடன் நாட்டு ரெனே மலேஸ் வடிவமைத்த இந்தப் பொறி ஒரு கூடாரம்போல இருக்கும். பறந்து வந்து துணியில் மோதும் பூச்சி மேல்நோக்கி ஏறும். உச்சியில் இருக்கும் ஆல்கஹால் குப்பிக்குள் விழும். ஒவ்வொரு முறையும் அதே அளவு துணி, அதே நிறம், அதே பொருத்தும் முறை. இந்தப் பிடிவாதத்தில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

அவர்கள் செய்த இன்னொரு காரியம் குப்பிகளைத் தூக்கி எறியாதது. இனம் பிரித்து முடிக்க ஆளில்லை. முடிந்தவற்றைப் பிரித்தார்கள், மற்றதை எடை போட்டு அடுக்கி வைத்தார்கள். 27 வருடம் கழித்து அந்த எடைகளை எடுத்து நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து கணக்கிட்டபோது 63 இடங்களின் தரவு கையில் இருந்தது. 2017 அக்டோபரில் ‘ப்ளாஸ் ஒன்’ இதழில் முடிவு வந்தது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 சதவீதம் குறைந்திருந்தது. கோடையின் நடுவில் 82 சதவீதம். வானிலையை வைத்தோ, காப்பிடத்துக்குள் செடிகொடிகள் மாறியதை வைத்தோ அந்தச் சரிவை விளக்க முடியவில்லை. சுற்றியிருந்த வேளாண் நிலங்களின்மேல் சந்தேகம் திரும்பியது.

எதிர்க்கேள்விகளும் வந்தன, நியாயமானவைதான். ஒரே இடத்தில் வருடா வருடம் பொறி வைக்கவில்லையே. பெரும்பாலான இடங்களில் ஒரு வருடம் மட்டும்தானே? ஆமாம். அந்தச் சங்கத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் கருவியும் முறையும் மாறாமல் இருந்ததால் வெவ்வேறு இடங்களை ஒப்பிட வழி இருந்தது. இந்த விவாதமெல்லாம் நடக்கும்போதே ஜெர்மனி அரசு 2019-ல் பூச்சிகளைக் காக்கச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. அந்த 27 வருடத்தில் ஐரோப்பாவின் பெரிய பல்கலைக்கழகங்கள் இதை ஏன் அளக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். ஆய்வு நிதி மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். முடிவில் ஒரு கட்டுரை வர வேண்டும். “எடை போட்டோம், இந்த வருடமும் அலமாரியில் வைத்தோம்” என்று சொல்லி எந்தப் பேராசிரியரும் நிதி வாங்க முடியாது.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகளுக்காக இரவு நடை எழுபதுகளின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. 1988-ல் மாணவர்கள் சேர்ந்து கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்த பிறகு அது ஒவ்வொரு வருடமும் தொடர்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவு தாண்டி, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கமாக ஈர மணலில் நடப்பார்கள். ஆமை ஏறிய தடம் தெரிந்தால் குச்சியால் மணலைக் குத்திப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடித்து, நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும் அதைக் குஞ்சு பொரிப்பகத்துக்கு மாற்றுவார்கள். கரையில் எரியும் விளக்குகள் குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த் திசையில் இழுத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

நடையில் கலந்துகொள்ளும் பொதுமக்கள் பார்க்க விரும்புவது முட்டையிடும் ஆமையை. பல இரவுகளில் அது கிடைக்காது. “ஒண்ணுமே இல்லையா?” என்று அலுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். குழுவினரோ அந்த இரவையும் எழுதிவைப்பார்கள்: நடந்தோம், கூடு பூஜ்யம். செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ணி எழுதுவார்கள். 2025 ஜனவரியில் சென்னைப் பகுதிக் கடற்கரைகளில் சில வாரங்களுக்குள் பல நூறு ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவைமடி வலைகளில் சிக்கி மூச்சுத் திணறிச் சாவது பற்றி மறுபடி பேச்சு எழுந்தது. ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் ஆமை செத்து ஒதுங்குவது வழக்கம்தானே என்று அப்போது யாராவது கேட்டால், எவ்வளவு வழக்கம் என்பதைச் சொல்ல அந்த இரவுக் குறிப்புகள் இருந்தன. வழக்கத்தைப் பதிவு செய்யாத கடற்கரையில் விபரீதம் எது என்று நிரூபிக்க முடியாது.

இது வரை சொன்ன காலிக் கட்டங்களெல்லாம் ஆளில்லாமல் காலியானவை. அளக்க விரும்பாததால் காலியாக விடப்படும் கட்டங்களும் உண்டு. 1995 வாக்கில் கலிஃபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின்மேல் வழக்காடிக்கொண்டிருந்த எட்வர்டு மாஸ்ரி என்ற வழக்கறிஞர் (எரின் ப்ராக்கோவிச் படத்தில் வருவாரே, அவர்தான்) ஆலையின் புகையில் தானே உடல்நலம் கெட்டார். அதிகாரிகளிடம் கேட்டால், எங்கள் கருவியில் ஒன்றும் காட்டவில்லை என்றார்கள். அவர் ஒரு பொறியாளரைப் பிடித்து மலிவான கருவி ஒன்று செய்யச் சொன்னார். பெயின்ட் வரும் பிளாஸ்டிக் வாளி, உள்ளே காற்றோடு வினைபுரியாத ஒரு பை, வாளியிலிருந்து காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்பு. வாளிக்குள் வெற்றிடம் உண்டாகும்போது வெளிக்காற்று பைக்குள் நிறையும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதில் எந்தெந்த வாயு என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த வாளி 2004-ல் கடலூருக்கு வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, குடிகாடு போன்ற ஊர்களின் மக்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது: மூக்கு. எந்த நேரத்தில், எந்தப் பக்கக் காற்றில், எந்த மாதிரி நாற்றம் வந்தது என்று தேதி போட்டு எழுதினார்கள். அழுகின முட்டை, அழுகின முட்டைக்கோஸ், நகப்பூச்சு. முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் வகையாக இருக்கலாம் என்று படித்துக்கொண்டார்கள். ஒரே நாற்றம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்போது வாளியில் பிடித்து அனுப்பினார்கள். அந்த ஆண்டே வெளியான முதல் முடிவுகளில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவையும் அடக்கம்.

வாளியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது பிடிப்பது சில நிமிடக் காற்றை. அதுவும் நாற்றம் உச்சத்தில் இருக்கும்போது பிடித்தது. ஒரு நாளின் சராசரி என்று அதைக் காட்ட முடியாது. பறவைப் பட்டியலின் இலக்கணப்படி பார்த்தால் இது முழுப் பட்டியலே இல்லை. அதனால்தான் நாற்றக் குறிப்பேடு வாளியைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். நாற்றம் இல்லாத நாட்களும் அதில் இருந்தால் அது வெறும் புகாராக நிற்காமல் அளவீடாகிறது. வாளியின் வேலை வேறு: இந்த வாயு இங்கே இருக்கிறது, நீங்கள் ஏன் அளக்கவில்லை என்று கேட்பது. 2004-ல் இந்தியாவின் காற்றுத் தர வரையறையில் பென்சீனுக்கு இடமே கிடையாது. தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு என்று சிலவற்றை அளந்து “வரம்புக்குள் இருக்கிறது” என்று எழுதினால் சட்டப்படி சரி. 2009 நவம்பரில்தான் பென்சீன் தேசியப் பட்டியலில் சேர்ந்தது. அளக்காமல் விட்டதை இல்லையென்று படிப்பது எளிது. அதிலும் படிக்கிறவர் அந்தக் காற்றைச் சுவாசிக்காதவராக இருந்தால் இன்னும் எளிது.

இதில் ஒரு அபாயமும் உண்டு. மக்களே அளக்கிறார்களே என்று அரசு தன் கருவிகளைக் கழற்றிக்கொள்ளக் கூடாது. தன்னார்வலருக்குப் பிள்ளையின் தேர்வு வரும், முழங்கால் வலி வரும், வேலை மாற்றம் வரும். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காற்றைப் பிடிப்பதைச் சமூக சேவை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது அநியாயம். அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. இன்னொன்று, சேகரித்தவருக்கு முடிவைத் திருப்பிச் சொல்லும் கடமை. ஆய்வேட்டில் “தன்னார்வலர்களுக்கு நன்றி” என்று ஒரு வரி போட்டால் கடன் தீர்ந்துவிடாது. அவர்கள் ஊருக்குப் போய், அவர்கள் மொழியில், உங்கள் குறிப்பிலிருந்து இது தெரிந்தது என்று சொல்ல வேண்டும். இந்தியப் பறவை அறிக்கை தன் தரவையும் கணக்கிட்ட முறையையும் பொதுவில் வைத்திருப்பது நல்ல முன்மாதிரி. எல்லாவற்றையும் பொதுவில் வைக்கவும் முடியாதுதான். வேட்டைக்காரர்கள் தேடும் சில இனங்களின் சரியான இடத்தை இ-பேர்டு மறைத்தே வைக்கிறது.

வாசகர் தொடங்க வேண்டுமானால் பொங்கல் விடுமுறை நல்ல நேரம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பார்த்து இ-பேர்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். சரணாலயத்துக்குப் போகாதீர்கள், அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சொந்த ஊருக்குத்தானே போகிறீர்கள், உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ களத்துமேட்டிலோ நில்லுங்கள். தொடங்கிய நேரத்தை முதலில் எழுதுங்கள். காகத்தையும் மைனாவையும் விடாதீர்கள். அடையாளம் தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். தெரிந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டு அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் மூன்று காகமும் ஒரு மடையானும் மட்டுமே கிடைத்தாலும் அனுப்பிவிடுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் நில்லுங்கள்.